மழைக்குப் பின் எழும் உருவங்கள்: ஈரவலயக் காட்டுக் காளான்களின் வடிவமும் வாழ்வும்

தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை மே மாதத்தில் கொழும்பை நனைக்கத் தொடங்கியதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீட்டுப் பூச்சட்டிகளில் எலுமிச்சை மஞ்சள் நிறச் சிறு குடைகள் இரண்டு மூன்றாக எழுவதைப் பலர் கண்டிருப்பார்கள். முதலில் கூம்பாக நின்று, பின் விளிம்பில் மெல்லிய வரிகளுடன் விரிந்து, ஓரிரு நாளில் அவை வாடிச் சரிந்துவிடும். லியூக்கோகோப்பிரினஸ் பேர்ன்பௌமி என்பது அவற்றின் அறிவியற் பெயர். வெப்பமண்டலத்துக்குரிய இந்தக் காளான், செடிகளோடு போன மண்ணில் ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளைச் சென்றடைந்து, அங்கே 19ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றது. சட்டியில் மக்கிக்கொண்டிருக்கும் இலைதழையே அதன் உணவு என்பதால் செடிக்கு அதனால் தீங்கு எதுவும் இல்லை. இருந்தும் வீட்டார் பெரும்பாலும் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்.

நகரத்தின் பூச்சட்டியில் ஒன்றாகவும் இரண்டாகவும் தென்படும் இந்த உயிர்கள், கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீரேந்து காடுகளிலும், இங்கிரியவுக்கு அருகிலுள்ள போதினாகலக் காட்டிலும், இன்னும் தெற்கே சிங்கராஜவிலும் வியக்கத்தக்க பல்வகைமையுடன் வாழ்கின்றன. விழுந்து கிடக்கும் ஒரே மரத்தில் செம்மஞ்சள் கிண்ணங்கள், பழுப்பு வளையங்கள் கொண்ட புனல்கள், கூழ் போன்ற காதுமடல்கள், கரிய விரல்கள், மயிரிழைத் தண்டில் நிற்கும் இளஞ்சிவப்புக் குடைகள் எனப் பத்துப் பதினைந்து வகையான உருவங்களைக் காண முடியும். இத்தனை வடிவங்கள் எதற்கு என்ற கேள்விக்கு உயிரியல் தரும் விடை, இவற்றின் அழகை மேலும் ஆழமாக இரசிக்க வைக்கிறது என்பதே என் எண்ணம். ஏறத்தாழ ஒவ்வொரு வடிவமும், நிலத்தோடு ஒட்டிக் காற்றசைவு குறைந்து கிடக்கும் ஈரக்காட்டில் இனம் பெருக்கும் நுண்துகள்களான, கண்ணுக்குத் தெரியாத வித்திகளை எப்படி வெளியே அனுப்புவது என்ற ஒரே சிக்கலுக்குக் காளான்கள் கண்ட தீர்வாக இருக்கிறது.

நாம் காளான் என்று சொல்வது பங்கசின் (பூஞ்சையின்) கனியுடல், அதாவது வித்திகளை உண்டாக்கும் உறுப்பு, மட்டுமே. பங்கசின் உண்மையான உடல், மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரந்து செல்லும் மிக நுண்ணிய இழைகளின் வலை. அது தாவரம் அன்று: பச்சையம் இல்லை, ஒளித்தொகுப்பும் இல்லை. கலச்சுவரில் இருப்பது நண்டு, இறால், பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைற்றின் என்ற பொருள். பரிணாம வரிசையிலும் பங்கசுகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை. ரொபேட் விற்றேக்கர் 1969இல் முன்வைத்த ஐந்து இராச்சிய வகைப்பாடு இவற்றைத் தனி இராச்சியமாக நிறுத்தியது. இதுவரை ஏறத்தாழ 150,000 இனங்களே விவரிக்கப்பட்டுள்ளன. உலகில் இருக்கக்கூடியவை 22 இலட்சத்துக்கும் 38 இலட்சத்துக்கும் இடைப்பட்டவை என்று 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். இடியோடு வரும் மழைதான் இங்கே முதன்மையான காரணம். குடையும் தண்டும் குண்டூசித் தலை அளவிலான சிறு மொட்டாக மண்ணுக்குள் முன்கூட்டியே உருவாகிவிடுகின்றன. போதிய ஈரம் கிடைத்ததும், ஏற்கெனவே இருக்கும் கலங்கள் நீரை உறிஞ்சி நீண்டு பருக்கின்றன. ஒரே இரவில் விரல் உயரம் எழும் அந்த வேகத்தின் பின்னணி இதுவே; உண்மையான வளர்ச்சி பல நாட்களாக, சில வேளை பல மாதங்களாக, நம் கண்ணில் படாமல் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

சாதாரணக் குடைக்காளான் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள் தெரியும். குறைந்த இடத்தில் மிகுந்த பரப்பைப் பெறுவதற்கான ஏற்பாடு அது. அந்தப் பரப்பெங்கும் வித்திகள் நான்கு நான்காக உட்கார்ந்திருக்கின்றன. வித்தி கிளம்பும் விதத்தை நுணுக்கமாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கனடாவில் பணியாற்றிய ரெஜினோல்ட் புல்லர். வித்தியின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரள்கிறது; வித்தியின் பக்கவாட்டில் படிந்திருக்கும் நீர்ப்படலத்தோடு அது திடீரென இணைகிறது; அந்தக் கணத்தில் எடை ஒரு பக்கம் பாய்வதால் வித்தி எகிறுகிறது. அது தாண்டும் தூரம் ஒரு மில்லிமீற்றரைக்கூட எட்டாது. அதற்கு மேல் பாய்ந்தால் எதிரிலுள்ள தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும்; குறைவாகப் பாய்ந்தால் புறப்பட்ட தகட்டையே விட்டு நீங்காது. இரு தகடுகளுக்கு இடையிலான வெளியின் நடுவே வந்து செங்குத்தாகக் கீழே விழுவதற்குத் தேவையான தூரம் எவ்வளவோ அவ்வளவே அது தாண்டுகிறது. ஆகவே தகடுகள் நிமிர்ந்து செங்குத்தாக நிற்க வேண்டும். மரம் சாய்ந்தாலோ தண்டு வளைந்தாலோ இளங்காளான் புவியீர்ப்பை உணர்ந்து தன் குடையை மீண்டும் மட்டமாக்கிக்கொள்கிறது. காற்றே இல்லாத இடத்திலும் வித்திகள் குடையின் அடியில் தேங்கிவிடுவதில்லை. குடையிலிருந்து நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனமாகி மெல்ல வழிந்தோடுகிறது. அந்த ஓட்டமே வித்திகளை வெளியே கொண்டுசெல்கிறது என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரு காளான் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தகட்டுக்குப் பதில் நுண்துளைகளைக் கொண்டவை வேறொரு பெருங்கூட்டம். கொழும்பு வீதிகளின் முதிய மழைமரங்களின் அடியில் பலகை பலகையாக வெளித்தள்ளி நிற்கும் கனோடெர்மா வகைகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மேற்பரப்பில் கொக்கோத்தூள் நிறத்தில் படிந்திருப்பது தூசி அன்று, வித்தி. இந்தப் பேரினத்தின் ஒரு பெரிய இனம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 கோடி வித்திகளை உதிர்க்கும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. காட்டுக்குள் விழுந்த சுள்ளிகளில் காணப்படும் மைக்ரோபோரஸ் சாந்தோபஸ் இன்னும் நேர்த்தியானது: மஞ்சள் காலில் நிற்கும் காகிதம் போன்ற புனல், அதன் மேல் காவி, செம்பழுப்பு, கரும்பழுப்பு என்று மாறிமாறி வரும் வளையங்கள், விளிம்பில் வெளிறிய ஒரு கோடு. கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாலும் அதன் துளைகள் வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படா.

மராஸ்மியஸ் வகைகளோ சிறுமையையே உத்தியாகக் கொண்டவை. குதிரைமயிர் போன்ற கறுத்த தண்டில் சட்டைப் பொத்தானிலும் சிறிய குடை. வெயிலில் சுருண்டு காய்ந்து, மழை பட்டதும் மீண்டும் விரிந்து வித்தி உதிர்க்கும். இவற்றுள் சிலவற்றின் கறுத்த இழைகள் மரக்கிளைகளுக்கு இடையே தொங்கி, மேலிருந்து விழும் இலைகளை நிலத்துக்கு வருமுன்பே பிடித்துவிடுகின்றன. பறவைகள் அந்த இழைகளைக் கூடு கட்ட எடுத்துச் செல்வதும் உண்டு. அந்தாட்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படும் சிசோஃபில்லம் கம்யூன், வெட்டிப்போட்ட எந்த மரத்திலும் வந்துவிடும். அதன் சாம்பல் வெண்மையான மயிரடர்ந்த சிறு விசிறியைக் கைவில்லையின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தகடும் நெடுக்காக இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். உலரும்போது பிளவின் இரு பாதிகளும் வெளிப்புறம் சுருண்டு வித்திப்பரப்பை மூடிக்கொள்கின்றன. உருவத்தில் எளிய இந்தக் காளானுக்குள் 20,000க்கும் மேற்பட்ட இணைசேர் வகைகள் (ஆண், பெண் என்பது போன்ற இனப்பெருக்கப் பிரிவுகள்) உள்ளன என்பது பங்கசியலில் மிகவும் பேசப்படும் செய்திகளில் ஒன்று.

காற்றை நம்பாமல் மழைத்துளியை நம்புபவையும் உண்டு. பறவைக்கூட்டுக் காளான் எனப்படும் சையாத்தஸ் ஒரு சென்ரிமீற்றர் அளவான கிண்ணம். உள்ளே முட்டைகள் போல் கிடப்பவை வித்திப் பொதிகள். சரியான சரிவில் அமைந்த அந்தக் கிண்ணத்தில் ஒரு பெரிய துளி விழுந்தால் போதும், பொதிகள் தெறித்துப் பறந்து, வாலாக நீளும் ஒட்டும் இழையால் அருகிலுள்ள இலையிலோ சுள்ளியிலோ சுற்றிக்கொள்ளும். நிலநட்சத்திரக் காளானின் வெளித்தோல் நட்சத்திர வடிவில் வெடித்து விரிந்து, நடுவிலுள்ள பந்தை மேலே தூக்குகிறது. மழைத்துளி ஒவ்வொன்றும் அந்தப் பந்தை அழுத்தும்போது உச்சித் துளை வழியே வித்திப் புகை கிளம்பும். குக்கேய்னா என்ற செம்மஞ்சள் கிண்ணங்களின் வழி முற்றிலும் வேறு. அவற்றின் வித்திகள் நீண்ட பைகளுக்குள் எட்டு எட்டாக அழுத்தத்தோடு அடைபட்டிருந்து, ஈரம் சற்றுக் குறையும் வேளையில் ஆயிரக்கணக்கில் ஒரே நேரம் பீறிடுகின்றன.

பூச்சிகளை அழைப்பவற்றில் பலருக்கும் தெரிந்தது வலையாடைக் காளான், அதாவது ஃபல்லஸ் இண்டுசியாட்டஸ். மண்ணில் முட்டை போல் கிடந்து, விடியும் நேரத்தில் தோலைக் கிழித்துச் சில மணி நேரத்துக்குள் ஓரடிக்குக் கிட்டிய உயரம் வரை எழுந்து, தலையிலிருந்து வெண்ணிற வலையை நிலம் தொடும் வரை இறக்கிவிடும். தலையில் பூசப்பட்டது போலிருக்கும் பச்சைப்பழுப்புக் களியில்தான் வித்திகள் இருக்கின்றன. அழுகிய இறைச்சியின் வாடையோடு ஈக்களை வரவழைப்பதும் அந்தக் களிதான். வந்தவை அதை நக்கியும் காலில் ஒட்டவைத்தும் கொண்டுபோகின்றன. ஒளியால் அழைப்பவையும் இருக்கின்றன. உலகில் அறியப்பட்ட ஒளிரும் காளான்கள் ஏறத்தாழ நூறு இனங்கள். எல்லாமே பச்சை ஒளி தருபவை. பிரேசிலில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓர் இனத்தின் ஒளி உடலுள் இயங்கும் நாட்கடிகாரத்தின்படி இரவில் கூடுவதையும், அதே நிற விளக்குப் பொருத்திய போலிக் காளான்களை நோக்கிப் பூச்சிகள் கூடுதலாக வருவதையும் காட்டியது.

நம் நாட்டில் ஆழ்ந்து நோக்கத்தக்க உறவு கறையானுக்கும் புற்றுக்காளானுக்கும் இடையிலானது. சிங்களத்தில் இந்தலொலு என்று வழங்கும் டெர்மிட்டோமைசிஸ் யூரைசஸ், கறையான்கள் புற்றுக்குள் பேணி வளர்க்கும் பங்கசின் கனியுடல். வேலைக்காரக் கறையான்கள் சருகையும் மரத்தையும் தின்று, பாதி செரித்த எச்சத்தைக் கடற்பஞ்சு போன்ற மேடையாக அடுக்குகின்றன. அவை கழிக்கும் எச்சத்தோடு வித்திகளும் மேடையில் விழுகின்றன. மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் என்ற பொருளைச் சிதைக்கப் பங்கசின் நொதியங்கள் வேண்டும். பங்கசுக்கோ வெப்பமும் ஈரமும் குன்றாத ஓர் அறை வேண்டும். மூன்று கோடி ஆண்டுகள் அளவில் பழமையானதாகக் கருதப்படும் இந்த ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று விட்டு வாழ முடியாத நிலையை அடைந்துவிட்டன. மழைக்காலத்தில் மேடையிலிருந்து கிளம்பும் காளான், இறுகிய புற்றுமண்ணைத் துளைத்து மேலே வர வேண்டும். அதனால்தான் அதன் குடையின் உச்சி கூரிய, கடினமான முனையாக இருக்கிறது; தண்டும் வேர் போல ஆழத்துக்கு நீண்டு மேடை வரை செல்கிறது. வெளியே தெரியும் தண்டைப் பிடித்து இழுப்பவர் கையில் வருவது பாதியே. கறையான்கள் கைவிட்ட புற்றில் அதே மேடைகளிலிருந்து வேறொரு பங்கசு, கரிய குச்சிகளாக எழுகிறது. புற்றில் கறையான் உள்ளவரை அதைத் தலையெடுக்க விடுவதில்லை. தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கும் புற்றுக்காளான் கறியின் சுவை அறிந்தவர்கள், அதைச் சந்தையில் ஏன் சிப்பிக்காளான் போல ஆண்டு முழுதும் வாங்க முடியவில்லை என்று கேட்பதுண்டு. கறையான் இல்லாமல் அதை வணிக அளவில் விளைவிக்கும் வழி இன்னும் கைகூடவில்லை என்பதே விடை.

இன்னொரு உறவு மரங்களோடு. ஈரவலயத் தாழ்நிலக் காடுகளின் பெருமரங்களான ஹொர உள்ளிட்ட டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களின் நுனிவேர்களைப் பங்கசு இழைகள் உறை போலச் சூழ்ந்திருக்கின்றன. மரம் ஒளித்தொகுப்பால் பெற்ற வெல்லத்தில் ஒரு பங்கைத் தருகிறது. வேர் எட்டாத நுண்ணிடுக்குகளிலிருந்து பொசுபரசையும் நைதரசனையும் நீரையும் பங்கசு கொண்டுவருகிறது. சிவப்பும் ஊதாவுமாக மண்ணிலிருந்து எழும் ருசூலா வகைகளும், அடியில் துளைகள் கொண்ட தடித்த பொலீட் வகைகளும், அமனிட்டா வகைகளும் பெரும்பாலும் இத்தகைய வேர்க்கூட்டாளிகள். மடகஸ்காரில் மட்டும் வாழும் சார்க்கோலீனேசியே என்ற உறவுக் குடும்பத்திலும் இதே கூட்டு இருப்பதால், இந்தியத் தட்டும் மடகஸ்காரும் பிரிவதற்கு முன்பே, அதாவது எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, இந்த உறவு தோன்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜவின் 8,864 ஹெக்டேயரைக் காப்பது என்றால் இந்த மண்ணடி வலையையும் சேர்த்தே காப்பதாகும். மரத்தை வெட்டிய இடத்தில் கன்றை மட்டும் நட்டால், அதன் பழைய கூட்டாளி அங்கே காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இலங்கையின் பங்கசுகள் பதிவான வரலாற்றைப் பார்த்தால், அதில் ஆர்வத்தோடு அச்சமும் கலந்திருப்பது தெரியும். 1849இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஜோர்ஜ் த்வெயிட்ஸ், பல ஆண்டுகளாகச் சேகரித்த பங்கசு மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மைல்ஸ் பேர்க்லி என்ற பாதிரியாரும் அவருடைய நண்பர் புரூமும் அவற்றை ஆராய்ந்து 1870களில் பட்டியலாக வெளியிட்டார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்த 1869இல்தான் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படிந்த ஒரு நோயும் அவர்களிடம் வந்தது. ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டவர்களும் அவர்களே. நோயின் வாழ்க்கை வட்டத்தை ஆராய 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது; 250,000 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் தமிழகம் திரும்பும் தொழிலாளர் கோப்பிக்குப் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிப்பவர்கள் வேண்டும். மலையகத் தமிழ்ச் சமூகம் இலயங்களில் நிலைபெற்றதன் பின்னணியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு நின்றது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1905இல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெட்ச் அரசின் பங்கசியலாளர். தேயிலை, றப்பர் நோய்களைக் கவனிப்பது அவர் கடமை. பின்னாளில், 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பணிப்பாளரும் அவரே. ஆனால் அவருடைய உள்ளம் நோய்ப் பங்கசுகளோடு நின்றுவிடவில்லை. வந்த மறு ஆண்டே கறையான் புற்றுகளின் பங்கசுகளைப் பற்றி எழுதினார். பூச்சிகளைக் கொல்லும் பங்கசுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். எறும்பின் நடத்தையை மாற்றி, இலையைக் கவ்வியபடி அதை இறக்கச் செய்து, கழுத்திலிருந்து தண்டாக முளைக்கும் பங்கசை இன்று எந்தப் பேரினத்தில் வைக்கிறார்களோ அந்த ஒஃபியோகோர்டிசெப்ஸ் என்ற பெயரை 1931இல் தந்தவர் பெட்ச். அவர் மறைந்த பின் 1950இல், பிஸ்பி என்பவரோடு சேர்ந்து தொகுத்த இலங்கைப் பங்கசுப் பட்டியல் வெளிவந்தது. தகட்டுக் காளான்களை மட்டும் எடுத்துக்கொண்டு டேவிட் பெக்லர் 1986இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

உண்பது பற்றி ஒரு கடுமையான வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது, மஞ்சளோடு கொதிக்கவைத்தால் நஞ்சு முறியும் என்பவை எல்லாம் உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கைகள். அமனிட்டாக்கள் சிலவற்றின் நஞ்சு கொதிநீரில் அழியாது. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில வேளை ஒரு நாள் வரை, எந்த அறிகுறியும் தெரியாது. வாந்தி பேதி வந்து தணிந்தபின் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். நம்மவர் உண்ணும் வைக்கோற்காளானின் இளம் முட்டையும் அமனிட்டாவின் இளம் முட்டையும் ஒன்றுபோலத் தோன்றும். மெல்பேர்ணிலும் வட அமெரிக்காவிலும் குடியேறியுள்ள உறவினர்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது. அங்கே ஓக் மரங்களின் கீழ் வளரும் கொடிய அமனிட்டாவை வைக்கோற்காளான் என்று எண்ணி ஆசியக் குடியேறிகள் உண்டு இறந்திருக்கிறார்கள். கொழும்பின் புல்தரைகளில் மழைக்குப் பின் வட்டம் வட்டமாக எழும் பெரிய வெண்குடை பெரும்பாலும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். அது அரிதாகவே கொல்லும் என்றாலும் சில மணி நேரத்தில் கடும் வாந்தியை உண்டாக்கும். காட்டுக்காளான் உண்டபின் உடல் சரியில்லை என்றால், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குடையை வெட்டித் தகட்டுப்பக்கம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து இரவு முழுதும் விட்டால், காலையில் தாளில் வித்திகளின் படம் பதிந்திருக்கும். வைக்கோற்காளானுடையது இளஞ்சிவப்பு, அமனிட்டாவுடையது வெள்ளை, மேலே சொன்ன புல்தரைக் காளானுடையது மங்கிய பச்சை. இது இனத்தை அறியும் முதற்படி மட்டுமே. உண்ணலாம் என்பதற்கான அத்தாட்சி ஆகாது.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பெயரில் விலங்கும் தாவரமும் உண்டு. மூன்றாவது இராச்சியத்துக்கு அங்கே இடமில்லை. சிலி நாடு தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பங்கசுகளையும் சேர்த்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பங்கசுகளின் எண்ணிக்கை 2025இல்தான் ஆயிரத்தைத் தாண்டியது. இலங்கைக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நான் கருதுகிறேன். பேர்க்லியும் பெட்சும் இங்கிருந்து கிடைத்த மாதிரிகளுக்கு இட்ட பெயர்கள் இன்று ஆசியா முழுவதும் பயன்படுகின்றன. ஆனால் அவற்றுள் பல, நூற்றைம்பது ஆண்டுகளாகக் காய்ந்து கிடக்கும் மூல மாதிரிகளையும் சில வரி விவரணைகளையும் மட்டுமே சார்ந்து நிற்கின்றன. தாய்லாந்திலோ தென்னிந்தியாவிலோ கிடைக்கும் ஒரு காளான் அதே இனமா என்று மரபணு வழியில் தீர்மானிக்க, முதன்முதலில் எடுக்கப்பட்ட இடத்திலிருந்தே புதிய மாதிரிகள் வேண்டும். கைத்தொலைபேசியோடு காட்டுக்குச் செல்பவர்களும் இதில் கைகொடுக்கலாம். மேலிருந்து எடுக்கும் அழகான படம் ஒன்று மட்டும் போதாது. தகடா துளையா என்று காட்டும் அடிப்பக்கம், தண்டின் அடிப்பகுதி, அருகில் வைத்த அளவுகோல், அது முளைத்தது மண்ணிலா மரத்திலா புற்றிலா, அருகில் நின்ற மரம் எது, இடம், திகதி ஆகிய இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு படம் ஆய்வாளருக்குப் பயன்படும் பதிவாகும்.